திருநாளன்று மறந்த போத்தல்

கொட்டாஞ்சேனை றேமண்டிடம் என்ன வேலை என்று கேட்டால், "வெட்டுற வேலை" என்பார். மருத்துவ பீடத்து ஆய்வுகூடத்தில், மெழுகில் பதித்த உடற்துண்டுகளை முடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற வேலை. முப்பத்தொரு வருடம். மனைவி புளோறன்ஸுக்கு அந்தக் கதை சாப்பாட்டு மேசையில் ஆகவே ஆகாது.

போன ஜூனில் வெள்ளவத்தை டொக்டர் சாருஜா ஒரு போத்தல் கொண்டுவந்தார். மண்டையோடு மேலே மூடாமல், மூளை வளராமல், ஆறாம் மாதத்தில் இறந்து பிறந்த பிள்ளையின் மண்டையடி எலும்பு. அப்படிப்பட்ட தலைக்குள் இரத்தக் குழாய்கள் எந்த வழியால் ஏறுகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி.

"தாய் தானாத் தந்தவ, அங்கிள். தன்ர பிள்ளையில சரியா வளந்தது ஏதும் இருந்தால் சொல்லச் சொன்னவ."

றேமண்ட் எலும்பை அமிலத்தில் போட்டார். இரண்டு நாள் ஊறினால் கத்திக்கு இசையும். கூட ஊறினால் சாயம் பிடிக்காது, எல்லாம் பாழ். வெளியே எடுக்க வேண்டிய நேரத்தைக் கலண்டரில் குறித்தார்: பதின்மூன்றாம் திகதி, பின்னேரம் ஐந்து மணி. அதே கையால் அந்தோனியார் திருநாளுக்கு லீவுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். இரண்டும் ஒரே நாள் என்பது அந்தப் பெரிய மனுசனின் மண்டையில் ஏறவில்லை.

பதின்மூன்றாம் திகதி, கொச்சிக்கடைத் தெருவில், ஊர்வலமாக வந்த அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் வழக்கம்போல் கொடி பிடித்து நடந்தார். ஒரு தாய் தன் கைக்குழந்தையைச் சுரூபத்துக்குத் தூக்கிக் காட்டினாள். அந்த உருண்டைத் தலையைக் கண்டதும் றேமண்ட் கைமணிக்கூட்டைப் பார்த்தார். மணி ஐந்தரை.

கொடியைப் பக்கத்தில் வந்தவரின் கையில் திணித்தார். "இஞ்ச, எங்க போறீங்க?" என்றாள் பின்னால் வந்த புளோறன்ஸ்.

"போத்தலை மறந்திட்டன்."

கேட்ட சனம் வேறு போத்தலைத்தான் நினைத்திருக்கும்.

எலும்பை எடுக்கும்போது ஆறரை. கழுவி, மெழுகேற்றி, வெட்டி முடியும்வரை இரண்டு கிழமை அவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல காலம், சாயம் பிடித்தது. எலும்புக்கு மேலே குழாய்கள் சிக்குப்பட்ட நூலாகக் கிடந்தன. எலும்புக்குள்ளோ, கழுத்திலிருந்து ஏறும் இரத்த நாடி மெலிந்திருந்தாலும், தனக்குரிய துளையால் சரியாக வந்திருந்தது. சாருஜா நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பி, றேமண்டையும் பார்க்கச் சொன்னார். பார்த்த சந்தோசத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த செவ்வாய் கோயிலில் அவர் இரண்டு மெழுகுதிரி வாங்கினார்.

"மற்றது ஆருக்கு?" என்றாள் புளோறன்ஸ்.

"அந்தப் பிள்ளைக்கு. பேர் தெரியாது, நம்பர்தான்."

மேசையில் கேட்க மாட்டேன் என்ற கதையை அவள் வரிசையில் நின்று முழுதாகக் கேட்டாள். பிறகு மெழுகுதிரியை வாங்கித் தானே கொளுத்தினாள்.

"தாய்க்குச் சொல்லியாச்சா?"

"ஓம், டொக்டர் சொன்னவ. அந்த நாடி எவடத்தால ஏறுது எண்டு கேட்டவவாம். காட்டினதும், தன்ர கழுத்தில அந்த இடத்தைத் தொட்டபடி கனநேரம் இருந்தவவாம்."