அக்காவுக்கு வைத்த ஆங்கிலப் பெயர்

சிவப்புச் சிமெண்ட் தரையில் எவர்சில்வர் டம்ளர் விழுந்து, 'ணங்'கென்று ஒருமுறை குதித்து, கட்டிலுக்கடியில் உருண்டுபோய் அடங்கும் ஓசைதான் கல்கத்தாவில் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. டம்ளர் விழுந்தால், விட்டது மாலதி அக்கா என்று பார்க்காமலே சொல்லிவிடுவோம்.

வங்கி அதிகாரியான அப்பா, சாப்பாட்டு வேளையில் தினம் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் விளக்கி, எங்கள் இருவரையும் வாக்கியம் அமைக்கச் சொல்வார். ஒருநாள் வந்தது 'க்ளம்ஸி'. கைகால் சொன்னபடி கேட்காமல் எதையாவது தட்டிக் கொட்டுகிறவர்களைச் சொல்வது என்றார். ஒன்பது வயதான நான் யோசிக்கவே இல்லை. "மை சிஸ்டர் இஸ் க்ளம்ஸி" என்றேன். அப்பா சிரித்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்காவும் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அதுவே அவள் பெயர். தமிழில் சொன்னால் வசவு, ஆங்கிலத்தில் சொன்னால் செல்லம் என்று நினைத்துக்கொண்டோம்.

அவளைத் திருத்துவதற்கென்று அப்பா ஒரு பயிற்சியும் வைத்தார். லேக் மார்க்கெட்டில் வாங்கிய பொடியில் போட்ட காப்பியை விளிம்புவரை ஊற்றிக் கொடுப்பார்கள். பதின்மூன்று வயது அக்கா அதைச் சமையலறையிலிருந்து பால்கனிவரை சிந்தாமல் கொண்டுவர வேண்டும். சிந்தினால் மறுபடியும். "கவனம் இல்லே, வேறொண்ணுமில்லே" என்பாள் அம்மா. ஒருநாள் இதைப் பார்த்துவிட்ட நாங்கள் மாசிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "பொண்ணு காலும் இழுக்குது, டாக்டர் பாருங்கோ" என்றாள். "நோ நோ மாசிமா, ஷி இஸ் ஜஸ்ட் க்ளம்ஸி" என்று அப்பா சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து, அக்கா பள்ளிப் படிக்கட்டில் விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். நரம்பு நோய், மெல்ல மெல்லக் கூடும், மருந்தில்லை என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று அம்மா அழுதாள். வந்திருந்தாலும் இதேதான் என்றார் டாக்டர். அப்பாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு இன்றுவரை இல்லை. திட்டாமலாவது இருந்திருக்கலாம்.

அப்பா, அம்மா, மாசிமா யாரும் இப்போது இல்லை. டம்ளர்களைப் பரணில் ஏற்றிவிட்டேன். படுத்த படுக்கையாகிவிட்ட அக்காவுக்குக் காப்பியைக் கரண்டியால்தான் புகட்டுகிறேன். விழுங்கச் சிரமப்படுவதால் சீக்கிரம் அதையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்கிறார்கள் டாக்டர்கள். நேற்று என் கை தவறி அவள் கழுத்தில் சிந்திவிட்டது. துடைத்துக்கொண்டே, "பாரு, இன்னிக்கு நான் க்ளம்ஸி" என்றேன். அவளுக்குப் பேச்சு குழறி வருடங்களாகின்றன. வெகுநேரம் உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அது... என் பேரு."