அவள் பிடித்துவைத்த சீட்டு

கல்லூரியில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தேன். மார்க் அள்ளலாம் என்றார்கள். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்திலிருந்து வரும் என் தோழியும் எடுத்தாள். அவள் தமிழ் மீடியம். நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டை, இங்கிலீஷ் மீடியம். அவளுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் மண் விழ ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தினமும் எண்ணூரில் ரயில் ஏறி, பையை வைத்து எனக்கு ஜன்னலோரம் சீட்டுப் பிடித்திருப்பாள். திருவொற்றியூரில் நான் ஏறியதும் பாடம். என்னைப் பற்றி அவளும் அவளைப் பற்றி நானும் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். நான் முணுமுணுப்பேன். அவள் பெட்டிக்கே கேட்கும்படி பேசுவாள்.

“இன்னா பாஷைடி இது, சண்டை போட்டுக்கினு கீறாப்ல கீது?” என்பார் மீன்கூடை அக்கா. அவருக்கும் ஒரு பிரெஞ்சு வணக்கம் வைப்பாள். தப்பாகப் பேசினாலும் அவளுக்குக் கூச்சமே கிடையாது. எனக்கு வயிறு எரியும்.

பிரான்சிலிருந்து ஒருவர் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. அவரிடம் நன்றாகப் பேசினால் புதுச்சேரியில் இரண்டு வாரம் இலவசப் பயிற்சி. எங்கள் வகுப்பிலிருந்து ஆசிரியை அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். முந்தின நாள் மாலை எனக்கு போன் செய்தார்.

“ஒன்பது மணிக்கு மாத்திட்டாங்க. அவ போனை எடுக்கல. நீ சொல்லிடும்மா.”

சரி என்றேன். சொல்லவில்லை.

காலையில் முந்தின ரயிலைப் பிடித்துப் போனேன். அவள் எங்கே என்று ஆசிரியை கேட்டார். தெரியவில்லை என்றேன். “அப்போ நீ போய்ப் பேசு” என்றார்.

பிரான்சிலிருந்து வந்தவர் என்னைப் பற்றிக் கேட்டபோது திக்கினேன். ஒரு தோழியைப் பற்றிச் சொல் என்றார். கடகடவென்று வந்தது. அவள் கடலோரம் வசிக்கிறாள், அப்பா மீன் பிடிக்கிறார், தினமும் எனக்கு சீட்டுப் பிடித்துவைக்கிறாள். அவர் சிரித்து, என் பெயரை எழுதிக்கொண்டார்.

பத்தரைக்குக் கல்லூரி வாசலில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

“நீ வண்டில ஏறல. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு எறங்கி உன் வூட்டுக்கே போனேன். நீ வெள்ளனவே கெளம்பிட்டேன்னு அம்மா சொன்னாங்க. இன்னா ஆச்சு?”

தனக்குப் பேச இன்னும் அரை மணி நேரம் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். என் இடத்தில் இருந்திருந்தால், நேரம் மாறியதை அவள் எனக்குச் சொல்லியிருப்பாள். அதற்கும் அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.