அம்மாவை ஃபெயில் ஆக்கினேன்

இன்று சுங்குவார்சத்திரத்தில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம். அம்மாவுக்கு உள்காதில் கோளாறு, கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவார். சான்றிதழ் கிடைத்தால்தான் உதவித்தொகைக்கு எழுதிப் போட முடியும்.

"அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றார் மருத்துவர்.

அம்மா தரையின் டைல்ஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே, குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நேராக நடந்தார்.

"நல்லாத்தானே நடக்கறீங்க?"

அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை! ஒரகடம் கம்பெனியில் உற்பத்தி லைன் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, ஒரு வருஷம் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் தலைசுற்றலை மறைத்தவர். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைப் பார்த்தே நடந்து சமாளித்தவர். கடைசியில் வேலை போய்விட்டது, மறைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

காதில் சொன்னேன்: "எம்மா, இங்க பாஸானா காலி. ஃபெயில் ஆவணும்."

"சும்மா இருடீ. நாலு பேர் பாக்கச்சொல்ல தள்ளாடிக்கினா நடப்பாங்க?"

"டாக்டர், கண்ண மூடிக்கினு நிக்கச் சொல்லுங்க. நான் பின்னாடி புடிச்சிக்கறேன்" என்றேன்.

அம்மா கண்ணை மூடினார். மூன்று எண்ணுவதற்குள் மொத்தமாக என்மேல் சாய்ந்தார். பதறி எழுந்த மருத்துவர், உட்கார்ந்ததும் சான்றிதழுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அம்மா, "இன்னாடீ, இப்டி மானத்த வாங்கிட்ட?" என்றார்.

"கூடவே கையெழுத்தயும் வாங்கிக்கினேன்ல?"

அடுத்த வாரம் என் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்தி வருகிறது. ஃபெயில் ஆவதும் ஒரு வெற்றிதான் என்று அம்மாவுக்கு இன்றே பாடம் எடுத்துவிட்டேன். தப்பிப்பேனா? கீழே சொல்லுங்கள்.