நசரத்பேட்டையில் ஒரு ஐஸ் பாளம்

படுக்கையும் ஸ்டவ்வும் வைத்து வீடாக்கிய என் பழைய வேன், சித்திரை வெயிலில் கொதிக்கிறது. என்ஜின் என் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தொடை வேகிறது. டேப்பில் கேசட்கூட இழுத்து இழுத்துத்தான் பாடுகிறது. நசரத்பேட்டையில் வண்டியை ஓரங்கட்டி, ஐஸ் பாளம் ஒன்று வாங்குகிறேன். பின்னால் என் மனைவி ஸ்டெல்லா, நனைத்த வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அசையாமல் தூங்குகிறாள். ஐஸை அவள் தலைமாட்டில் வைக்கிறேன்.

எட்டிப் பார்க்கும் பூக்காரர் செருப்பைக் கழற்றுகிறார்.

"எப்போ ஆச்சு நைனா? இந்த வெயில்ல வச்சிகினு நிக்கிறியே, சீக்கிரம் எடுத்துகினு போ."

நான் வாய் திறப்பதற்குள், தண்ணீர் சொட்டும் சாமந்தி மாலையை அவள் கால்மேல் வைத்துக் கும்பிடுகிறார்.

வேட்டிக்குள்ளிருந்து ஸ்டெல்லாவின் குரல் வருகிறது:

"ஏங்க, ஜில்லுனு இருக்கு. கழுத்துக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க."