பக்கத்து முறத்து இலை

“பறக்காதடி, ஒனக்கு இன்னும் ஒரு கொதி பாக்கி இருக்கு” என்று, ஏற்கெனவே கொதித்த தேயிலையை அதட்டியபடி முறத்தில் பரப்புவாள் பாக்கியலட்சுமி. போரில் காஜா பேராங் ஊரை ஜப்பான்காரன் பிடித்த பிறகு கடையில் தேயிலை ஏது? ஒரே இலைதான் கொதிக்கும், கோழிக்கூண்டுத் தகரத்தின்மேல் காயும், மறுபடி கொதிக்கும். பக்கத்து முறத்தில் காய்வது கணவன் கணேசமூர்த்தியின் பப்பாளி இலை. புகையிலை கிடைக்காததால் அதைத்தான் நொறுக்கிச் சுருட்டிப் புகைக்கிறான்.

அவள் கை பட்டால் வீட்டில் ஏதாவது ஒன்று கவிழும். போன வாரம் கெண்டியின் பிடி கழன்றது. துணியால் பிடிக்கப்போய்த் துணி தீப்பிடித்தது. தீயை அணைத்தது மரவள்ளிக்கிழங்கு வெந்த தண்ணீர், கிழங்கோடு. “இந்தக் கெண்டிக்குக் கொழுப்பு” என்றாள். தேநீர் ஆற்றும்போது மட்டும் ஒரு சொட்டு சிந்தாது. குவளையைத் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடி, விழும் சத்தத்தைக் கேட்டே நிறுத்துவாள்.

அன்று வாசலில் மண்டோர் ராஜரத்தினம் வந்து நின்றார். சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில்பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கங்காணி. அவர் அனுப்பிய யாரும் இன்னும் திரும்பவில்லை.

“மூர்த்தி எங்கம்மா? நாளைக்கு லாரி வருது.”

“உக்காருங்க மண்டோரய்யா, ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க.”

நேரம் கடத்தத்தான் சொன்னாள். கணேசமூர்த்தி அடுத்த அறையில் மூச்சடக்கி நின்றான். மண்டோரைப் பார்த்தபடியே இலையை அள்ளிப் போட்டாள், தென்னஞ்சர்க்கரையைத் தாராளமாகக் கலந்தாள்.

ஒரு மிடறிலேயே மண்டோரின் முகம் கோணியது. “என்ன எழவும்மா இது?”

அப்போதுதான் உறைத்தது, கை பக்கத்து முறத்துக்குப் போயிருக்கிறது. உடனே தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, குவளை மாறிப்போச்சே! அவருக்குப் போட்ட பப்பாளிக் கசாயமாச்சே இது! விடியக்காலையிலேருந்து வாந்திபேதி. அவர் வாய் வச்ச குவளையப் போயி ஒங்க கையில குடுத்துட்டேனே!”

“வாய் வச்சதா?”

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. கணேசமூர்த்தி குறிப்பறிந்தவன், அளவறியாதவன். முனகல் ஒப்பாரியாக வளர்ந்தது.

“உள்ள வந்து பாத்துட்டுப் போறீங்களா?” என்றாள் பாக்கியலட்சுமி.

மண்டோர் துப்பிக்கொண்டே படியிறங்கினார். “வாந்திபேதிக்காரன ஏத்திவிட்டா ஜப்பான்காரன் என்னையில்ல வெட்டுவான்! கெடக்கட்டும் இங்கயே.” அவர் சைக்கிள் தெங்கேரா பக்கம் பறந்தது.

கணேசமூர்த்தி சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். “எப்படி நம்ம முனகல்?”

“பொணம்கூட எந்திரிச்சு ஓடும். இந்தாங்க, குடிங்க.” மண்டோர் வைத்துவிட்டுப் போன குவளையை நீட்டினாள்.

“நான் எதுக்குடி?”

“சர்க்கரை போட்டிருக்கேன். வீணாக்கவா சொல்றீங்க?”

ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, மறு கையால் குவளையை அவன் வாயில் கவிழ்த்தாள். அவன் இருமினான், திட்டினான், கடைசிச் சொட்டுவரை குடித்தான். காலிக் குவளை தரையில் உருண்டது. மணிக்கட்டை அவள் விடவில்லை.