சித்தியின் ‘கமிங்’

சித்தி பத்தொன்பது வருடம் ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் டெலிபோன் எடுத்தாள். தமிழில் கூப்பிடுகிறவர்களிடம் தொல்லையே இல்லை. தினமும் வருகிற டாக்டருக்கும் ‘வர்றார்’, இந்த நிமிஷம் படியேறுகிற டாக்டருக்கும் அதே ‘வர்றார்’. ஆங்கிலம் அப்படிச் சும்மா விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு திங்கட்கிழமை காலை, தமிழ் தெரியாத வெளியூர்ப் பெண் ஒருத்தி போனில் ஆங்கிலத்தில் விசாரித்தாள்: குழந்தைகளுக்குக் கண் பார்க்கும் டாக்டர் அங்கே வருவதுண்டா? அந்த டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறவர். உண்டு என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு சித்தி, “டாக்டர் ஈஸ் கமிங்” என்றாள்.

மத்தியானம் அந்தப் பெண் ஐந்து வயது மகளோடு வந்து நின்றாள். மூன்று மணி நேர பஸ் பயணம். பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அக்காதான் விஷயத்தைப் பிரித்துச் சொன்னாள்.

“ஈஸ் கமிங்னா இப்ப வந்துட்டு இருக்கார்னு அர்த்தம்டி. வழக்கமா வர்றவருக்கு ‘கம்ஸ்’. ஒரு எஸ் சேத்துச் சொன்னா வாயா தேஞ்சிடும்?”

சித்திக்கு முகம் செத்துவிட்டது. சாயங்காலம் இருவரையும் வீட்டுக்கே கூட்டிவந்தாள். கதவைத் திறந்த சித்தப்பா பார்வையாலேயே கேட்டார்.

“என் இங்கிலீஷ் கூட்டிட்டு வந்த விருந்தாளிங்க. இன்னைக்கு நீங்க கீழ படுத்துக்குங்க.”

மறுநாள் டாக்டர் குழந்தைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அன்றே சித்தி ஒரு நோட்டு வாங்கினாள். இடப்பக்கம் வழக்கமாக நடப்பது, வலப்பக்கம் இப்போது நடந்துகொண்டிருப்பது. கண்ணில் பட்டதெல்லாம் அதில் ஏறியது. ‘மை ஹஸ்பண்ட் ஸ்னோர்ஸ்.’ எதிரே, ‘மை ஹஸ்பண்ட் ஈஸ் ஸ்னோரிங்.’

“ரெண்டு பக்கத்துலயும் குறட்டை விடறது நான்தானா?” என்றார் சித்தப்பா.

“ரெண்டும் உண்மைதானே, என்ன பண்ணச் சொல்றீங்க?”

இரண்டு மாதம் போவதற்குள் ஆங்கிலத்தில் வரும் அழைப்பையெல்லாம் சித்தியிடமே கொடுத்தார்கள். அதன்பின் யாரும் நாள் தவறி வந்து நிற்கவில்லை.

அந்தப் பெண் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை, மகளின் கண்ணாடியை மாற்ற, வேண்டுமென்றே முதல் நாள் திங்கட்கிழமையே வந்துவிடுவாள். எங்கள் வீடு அடுத்த வாசல். அம்மா இரண்டு தலையணை கொடுத்தனுப்புவாள். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியும் அவளும் தப்பும் சரியுமாக ஆங்கிலம் பேசிச் சிரிப்பது, நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும்.