கால் வளையம்

“காலைக் காட்டச் சொல்லுங்க,” என்று துமிரா பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

கார்டிமின் காதில் வாங்காதவர்போல் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். “இறக்கையை ஒருதரம் விரிச்சுக் காட்டுங்க, தம்பி.”

கடலுக்கு அப்பால், ஜாவாவின் பந்துலில், புறாப்பண்ணை வைத்திருக்கும் முகியோனோ பெர்குதுத் புறாவை ஒரு கையில் அடக்கிக்கொண்டு மறுகையால் இறக்கையை விரித்தார். கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் புறா. கழுத்தில் வரிவரியாக இருந்தது.

“வால்?”

வாலும் தெரிந்தது.

“கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறீங்களா?” என்றார் துமிரா, கணவருக்கு மட்டும் கேட்கும்படி. “காலைக் கேளுங்க.”

“அலகு நல்லா இருக்கு,” என்றார் கார்டிமின் போனிடம். அப்புறம் பொதுவாகச் சொல்வதுபோல், “கால் எப்படி? காயம் ஏதும் இல்லையே?”

முகியோனோ புறாவைத் திருப்பினார். இடது காலில் மங்கிய அலுமினிய வளையம் இருந்தது. அதில் எழுத்துகள். துமிரா கணவரின் தோளுக்கு மேலாகக் குனிந்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அந்த ஒரு சொல்லுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. அது அவருடைய பெயர்.

“அண்ணே, ஒளிக்காம சொல்லிடறேன்,” என்றார் முகியோனோ. “இதுக்குப் பெரிய குரல் கிடையாது. கூவல் போட்டிக்கு ஆகாது. யாரோ ஒரு பையன் கூண்டுல பொறந்தது, கை மாறி மாறி இங்க வந்துச்சு. அந்தப் பையனும் இப்ப இல்லையாம். இவ்வளவு தூரம் விமானத்துல கொண்டுபோறதுன்னா என் பண்ணையிலேயே நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாமே.”

கார்டிமின் சிரித்தார். “வயசான காதுக்கு இது போதும் தம்பி.”

போனை வைத்தபின் துமிரா கேட்டார். “நம்ம பையன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னா அவர் காசு வாங்கமாட்டார். சங்கடப்படுவார். நம்ம துக்கத்தைக் கொண்டுபோய் அவர் தலையில வைக்கணுமா?”

நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீடு. தாரகான் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் எனக்கு வேலை. புறாவைக் கொண்டுவர என்னென்ன வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கால்நடை மருத்துவர் பார்த்துத் தரும் சான்று, காற்றுப் போகிற மரப்பெட்டி, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு துண்டு பப்பாளி. தண்ணீர் வைத்தால் விமானம் ஏறும்போதே கொட்டிவிடும். நனைந்த பறவை குளிரில் பிழைக்காது.

கார்டிமின் வாலிபத்தில் கப்பலேறி ஜாவாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர். இறால் உறைய வைக்கும் ஆலையில் வேலை பார்த்தே ஓய்வு பெற்றார். பனியில் கிடந்து விரல் நுனிகள் மரத்துப்போயின. தேநீர்க் குவளை சுடுகிறதா என்று துமிராதான் தொட்டுச் சொல்லவேண்டும். ஒரே மகன் ஸெத்யோ. யோக்யகர்த்தாவில் படிக்கப் போனவன் படிப்பை விட்டுவிட்டுப் பந்துலில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் புறா வளர்க்க ஆரம்பித்தான். “இன்ஜினியர் ஆகச் சொன்னேன், பறவைக்குத் தினை போடறான்,” என்று கார்டிமின் தெருவெல்லாம் திட்டினார். பண்ணைக்கு மகன் அம்மாவின் பெயரை வைத்தான். கார்டிமின் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

குஞ்சு பொரித்து ஒரு வாரத்துக்குள் பண்ணைப் பெயர் பொறித்த வளையத்தை மாட்டிவிட வேண்டும். பாதம் அதற்குமேல் பெருத்துவிடும், பிறகு போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஸெத்யோ எல்லாக் குஞ்சுக்கும் தன் கையாலேயே மாட்டுவான். கொரோனாவில் அவன் போனபோது விமானங்கள் பறக்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தார்கள். படம் நடுவில் நின்றுபோயிற்று. அவனுடைய துணிகளை எரித்துவிட்டார்கள். வாடகை பாக்கிக்காகக் கொட்டகைக்காரர் புறாக்களை விற்றுவிட்டார். அவன் கைபட்ட பொருள் எதுவும் இந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. பிறகு ஒருநாள், புறா விற்பவர்கள் போடும் வீடியோ ஒன்றில் கார்டிமின் அந்த வளையத்தைப் பார்த்தார்.

உயிருள்ளவற்றை ஏற்றும் விமானம் எங்களுக்கு வியாழக்கிழமைகளில் மட்டும்தான். வருகிற வியாழனுக்கு இடம் வாங்கிவிட்டேன். சொல்லப் போனபோது கார்டிமின் சுவர் நாட்காட்டியின் முன் நின்றுகொண்டிருந்தார்.

“அன்னிக்கு வியாழன் வாகே,” என்றார். “வேண்டாம்.”

ஏழு நாள் வாரத்தோடு ஜாவாக்காரர்களான எங்களுக்கு ஐந்து நாள் வாரம் ஒன்றும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு நாளுக்குப் பெயர். வீட்டில் ஒருவர் போன நாளின் பெயரில் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. ஸெத்யோ போனது வியாழன் வாகே.

“பறவைக்கு நாள் பார்ப்பாங்களா?” என்றேன்.

“பறவைக்கு இல்ல. வீட்டுக்கு.”

“பெட்டியில கட்டி, சான்றெல்லாம் வாங்கி வச்சிருப்பாரே.”

“அடுத்த வியாழன் வரட்டும். லெகி. நல்ல நாள்.”

துமிரா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகியோனோவுக்குப் போன் செய்து, அந்த நாள் எங்களுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னேன். அவரும் ஜாவாக்காரர். ஏன் என்று கேட்கவில்லை. “மறுபடி சான்று வாங்கணும், பரவாயில்ல. பெட்டியிலேயே இருந்து பழகட்டும்,” என்றார்.

லெகி வியாழன் வந்தது. துமிரா பெருநாளுக்கு உடுத்தும் பச்சைக் கெபாயாவில் சரக்குக் கொட்டகைக்கு வந்துவிட்டார். விமானம் தாமதம். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

“மாமியார் வீட்டுக்கா, அம்மா?” என்று எங்கள் சுமைதூக்கும் பையன் ஒருவன் கேட்டான்.

“விருந்தாளி வருது. போய் வேலையைப் பாருடா.”

பெட்டி வந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே நகங்கள் மரத்தில் பட்டன. உயிரோடுதான் இருந்தது. வழியெல்லாம் துமிரா அதை மடியில் வைத்துக்கொண்டார். என் பைக் குலுங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு அடி விழுந்தது.

வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். பப்பாளி காய்ந்து கறுத்திருந்தது. கார்டிமின் கையை உள்ளே விட்டுப் புறாவை எடுத்தார். மரத்த விரல்கள் என்பதால் அழுத்திவிடுவாரோ என்று துமிரா தன் கையை அடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு காலும் வெறுங்கால்.

இடது காலைச் சுற்றி வெளிறிய ஒரு தடம் இருந்தது. அதன் மேல் ஆறிக்கொண்டிருந்த சிறு புண்.

கார்டிமின் போன் செய்தார். “நல்லபடியா வந்து சேர்ந்தது, தம்பி,” என்றுதான் ஆரம்பித்தார். சற்று நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, “வளையம் ஒண்ணு இருந்ததே,” என்றார்.

“ஆமாண்ணே. போன வாரம் பெட்டியில இருந்தப்ப வளையம் கம்பி வலையில மாட்டிக்கிச்சு. இழுத்து இழுத்துக் கால் வீங்கிடுச்சு. விட்டா பாதமே போயிடும். வெட்டி எடுத்துட்டேன். சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்…”

“அந்த வளையம் இருக்கா?”

“துண்டு துண்டா வெட்டினது. குப்பையோட போயிருக்கும். பழைய தகரம்தானே. என் பண்ணைப் பேர் போட்ட வளையம் அனுப்பவா? திறந்து மூடுற மாதிரி இருக்கு.”

“வேண்டாம் தம்பி. காலைக் காப்பாத்தினீங்களே, அது போதும்.”

“இப்பவாவது சொல்லுங்க,” என்றார் துமிரா.

கார்டிமின் முகியோனோவின் வீட்டாரை நலம் விசாரித்தார். போனை வைத்தார்.

துமிரா புறாவைக் கூண்டில் விட்டுக் கதவைக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் போட்டார். “அவன் நாள்லேயே வந்திருக்கலாம்,” என்றார். “அவன் வந்த மாதிரி இருந்திருக்கும்.”

கார்டிமின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. என்னிடம், “நீ சாப்பிட்டுப் போ,” என்றார். அன்று நான் வருவேன் என்று பலாக்காய்க் கறி செய்திருந்தார்கள். மூவரும் சாப்பிட்டோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் மழை. மதியம் கார்டிமின் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். வரும் வழியில் தினை வாங்கினார். புறா தின்றது. துமிரா பச்சைக் கெபாயாவைத் துவைத்துப் பின்பக்கம் காயப்போட்டார். புறா உயரத்திலிருந்து கூவுவதற்காகக் கூண்டை ஏற்றும் கம்பத்தில் இன்னும் ஏற்றவில்லை. சாயங்காலம் கார்டிமின் மரப்பெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து, வேறு யாருக்காவது ஆகும் என்று என்னிடம் கொடுத்தார். உள்ளே கம்பி வலையின் பிய்ந்த முனையை மடக்கிவிட்டிருந்தார். நான் அதைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன்.